மழைக்காலத்துக்கென்றே கட்டிய ஊர்: பொலோன்யாவுக்கு ஒரு குறும்பயணத் திட்டம்

இத்தாலிக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் ஒரே வாரத்தில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். கோடையில் அது வெறும் அலைச்சலோடு போகும். அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் பாதி நாள் ஹோட்டல் அறையில் கழியும். இலையுதிர்காலத்தில் மூன்று நான்கு நாட்கள்தான் கையில் இருக்கின்றன என்றால், ஒரே ஊரில் தங்குங்கள், அந்த ஊர் பொலோன்யாவாக இருக்கட்டும் என்பதே என் யோசனை.

காரணம் எளிது. பொலோன்யாவின் தெருவோரங்களில் வீடுகளின் மேல்தளம் நடைபாதைக்கு மேலாக நீண்டு, தூண்கள் மீது நிற்கிறது. போர்டிகோ எனப்படும் இந்தக் கூரைநடைகள் நகரெங்கும் சேர்த்து 62 கிலோமீட்டர். பல்கலைக்கழகத்துக்கு மாணவர்கள் வந்து குவிந்தபோது, தெருவை அடைக்காமல் வீட்டைப் பெரிதாக்க மேல்தளத்தை வெளியே நீட்டினார்கள். 1288-இல் நகராட்சி அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: புது வீடு கட்டுகிறவர் போர்டிகோவுடன்தான் கட்ட வேண்டும், குதிரை மேல் இருப்பவர் தலை இடிக்காமல் கடந்துபோகும் உயரமும் இருக்க வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊராருடையது. 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வரலாறு கிடக்கட்டும், உங்களுக்குக் கிடைக்கும் நேரடிப் பலன் ஒன்று உண்டு. அடைமழையிலும் குடையை மடக்கிவைத்துவிட்டு நகர மையத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவரலாம்.

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

விமான டிக்கெட் வாங்கும் முன் பொலோன்யாவின் வர்த்தகக் கண்காட்சி நாட்காட்டியைப் பாருங்கள். புதியவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் செர்சாயே எனும் ஓடு, பீங்கான் கண்காட்சி நடக்கும். இரட்டைப்படை ஆண்டுகளில் நவம்பரில் வேளாண் இயந்திரக் கண்காட்சி. அந்த நாட்களில் சாதாரண அறையின் வாடகைகூட எங்கேயோ போய் நிற்கும். ஒரு வாரம் தள்ளிப் போனால் அதே அறை நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

என் தேர்வு அக்டோபரின் இரண்டாவது, மூன்றாவது வாரங்கள். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 10, 11. நவம்பரில் பகலே 12 டிகிரிதான். போ ஆற்றுச் சமவெளியின் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் 4 நகரின் காவல் புனிதர் பெத்ரோனியோவின் விழா, நவம்பர் 1 நாடு தழுவிய விடுமுறை. நவம்பர் 1 வார இறுதியை ஒட்டி வந்தால் இத்தாலியர்களே கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள்.

அக்டோபரின் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கு முன்பு ஆறேகால் மணிவரை இருக்கும் வெளிச்சம், அதற்குப் பிறகு ஐந்து மணி சுமாருக்கே போய்விடும். மலையேறும் திட்டம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடியிருக்கும் என்பதால் திங்களைப் பயண நாளாக வைத்துக்கொள்ளலாம். மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை. பொலோன்யாவின் தேசிய ஓவியக்கூடமும் அதில் அடக்கம்.

விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, தேவை. லண்டனில் வேலை பார்த்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால் இதே விதிதான். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்காரர்கள் குறுகிய பயணத்துக்கு விசா இல்லாமல் போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கடைசி நேரத்தை நம்பாதீர்கள். நேர்காணல் தேதி கிடைப்பதே பெரிய காரியம் என்பதால், இரண்டரை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். வேறு நாடுகளுக்கும் போவதாக இருந்தால், அதிக இரவுகள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள்.

2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை வந்திருக்கிறது. முதல் முறை நுழையும்போது வரிசை நீளும். ஐரோப்பாவுக்குள் விமானம் மாறுகிறவர்கள் இடையில் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு டிக்கெட் போடுவது ஆபத்து, மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

போய்ச் சேர்வது

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பொலோன்யாவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், இஸ்தான்புல் வழியாக வரலாம், அல்லது மிலானில் இறங்கி ரயில் பிடிக்கலாம். பொலோன்யா விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையத்துக்கு மார்க்கோனி எக்ஸ்பிரஸ் எனும் ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழெட்டு நிமிடத்தில் கொண்டுசேர்க்கும். வங்கி அட்டையைக் கதவில் காட்டினாலே போதும். தூரத்துக்குக் கட்டணம் அதிகம்தான். மூன்று நான்கு பேராக, பெட்டிகளோடு வந்தால் டாக்ஸியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருவது இன்னும் சுகம். அதிவேக ரயில்களில் மிலானிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஃபுளோரன்ஸிலிருந்து நாற்பது நிமிடத்துக்குள், வெனிஸிலிருந்து ஒன்றரை மணி, ரோமிலிருந்து இரண்டேகால் மணி நேரம் ஆகும். இவற்றின் கட்டணம் நாளாக நாளாக ஏறும். முன்கூட்டியே வாங்குகிறவருக்கே லாபம். உள்ளூர் ரெஜியோனாலே ரயில்களின் கட்டணம் மாறாது, அன்றைக்கே வாங்கலாம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் நேர முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் வாங்கினால் ஏறும் முன் செக்-இன் செய்ய வேண்டும். இதை மறந்தால் அபராதம். வெளிநாட்டவர் என்று விட்டுவிட மாட்டார்கள்.

பொலோன்யா ரயில் நிலையத்தில் அதிவேக ரயில்கள் பூமிக்கடியில் ஆழமான தளத்தில் நிற்கின்றன. மேலிருந்து இறங்கிப் போகவே பத்து நிமிடம் பிடிக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10:25-இல் நின்றபடி இருக்கிறது. அது பழுதடைந்த கடிகாரம் அல்ல. 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்போர் கூடத்தில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரத்தை ஊர் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது. ரயில் நேரத்துக்கு வேறு கடிகாரத்தைப் பாருங்கள்.

எங்கே தங்குவது

பழைய மதிலின் இடத்தில் இப்போது ஓடும் வட்டச் சாலைக்கு உள்ளே தங்குங்கள். அங்கிருந்து எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். நிலையத்துக்கும் மையச் சதுக்கத்துக்கும் இடைப்பட்ட வியா கல்லியேரா, கிழக்கே ஸ்ட்ராடா மஜ்ஜோரே, இரண்டும் நல்ல பகுதிகள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய பியாஸ்ஸா வெர்தி பக்கம் நள்ளிரவைத் தாண்டியும் மாணவர்களின் ஆரவாரம் இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் அந்தப் பக்கம் வேண்டாம்.

வாடகை அடுக்கக அறை எடுப்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். லிஃப்ட் உண்டா? பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது, மூன்றாம் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். அடுத்தது, அறையின் வெப்பமூட்டியை நீங்களே இயக்கலாமா? இத்தாலியில் குளிர்மண்டலம் வாரியாகச் சூடாக்கும் காலத்தைச் சட்டம் வரையறுக்கிறது, பொலோன்யாவுக்கு அது வழக்கமாக அக்டோபர் 15-இல்தான் தொடங்கும். கட்டடத்துக்கே பொதுவான அமைப்பு என்றால், அக்டோபர் 10-ஆம் தேதி இரவு நீங்கள் எவ்வளவு நடுங்கினாலும் அது ஓடாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் அக்டோபரின் முதல் பாதியில் ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அறை வாடகையோடு ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரியும் உண்டு. அதைத் தனியாகக் கேட்பார்கள்.

கார் எடுக்கவே எடுக்காதீர்கள். நகர மையம் அனுமதி பெற்ற வாகனங்களுக்கு மட்டுமே, கேமராக்கள் எண்ணைப் படம் பிடித்துவிடும். அபராதக் கடிதம் மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும்.

பெட்டியில் மறக்காமல் வைக்க வேண்டியது பிடிமானமுள்ள காலணி. போர்டிகோவின் தரை பல இடங்களில் வழவழப்பாக மெருகேற்றிய கல். ஈரக் காலணியோடு வருகிறவர்களால் அது வழுக்கும். மெல்லிய மழைச்சட்டை ஒன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் உடைகள், சதுக்கங்களைக் கடக்க ஒரு சிறு குடை. இவை போதும்.

முதல் நாள்: சதுக்கத்தைச் சுற்றி

பியாஸ்ஸா மஜ்ஜோரேயில் தொடங்குங்கள். சான் பெத்ரோனியோ பேராலயத்தின் முகப்பு கீழே பளிங்கு, மேலே வெறும் செங்கல். 1390-இல் தொடங்கிய வேலையில் முகப்பு கடைசிவரை முடியவே இல்லை. உள்ளே இடதுபுறத் தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதித்திருக்கிறது. வானியலாளர் காசினி 1655-இல் அமைத்த உச்சிவேளைக் கோடு அது. கூரையில் 27 மீட்டர் உயரத்தில் உள்ள சிறு துளை வழியாக விழும் சூரிய வட்டம், உச்சிவேளையில் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்கு அருகே விழும் வட்டம், குளிர்காலம் நெருங்க நெருங்கக் கோட்டின் மறுமுனைக்குத் தள்ளிப்போகும். அக்டோபர் நடுவில் இது பகல் 1 மணியை ஒட்டி நடக்கும். கடிகாரம் மாறிய பிறகு, நவம்பர் தொடக்கத்தில், 12 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பு. வானம் தெளிவாக இருந்தால் கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். மங்கலான ஒளிவட்டம் தரையில் ஊர்வது கண்ணுக்கே தெரியும். பூமி சுழல்வதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து அரிது. நண்பகலில் கதவடைக்கும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் காலையிலேயே வாசலில் பார்த்துவையுங்கள். முதுகுப்பையோடு உள்ளே விட மாட்டார்கள்.

பேராலயத்தை ஒட்டியே ஆர்கிஜின்னாசியோ. பல்கலைக்கழகம் தன் தோற்றத்தை 1088-இல் வைத்து எண்ணுகிறது. அதன் வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1563-இல் எழுந்த கட்டடம் இது. மாடியில் 1637-இன் உடற்கூற்று அரங்கு முழுவதும் மரத்தாலானது. நடுவே பளிங்கு மேடை, சுற்றிலும் படிவரிசை. ஆசிரியரின் இருக்கைக்கு மேலுள்ள விதானத்தைத் தாங்கி நிற்பவை தோலுரித்த இரண்டு மனித உருவங்கள். தசைநார் ஒவ்வொன்றும் மரத்தில் தெரியும். 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் நொறுங்கிய அரங்கை, இடிபாட்டில் பொறுக்கிய துண்டுகளைக் கொண்டே மீண்டும் எழுப்பினார்கள். கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. நேரம் இல்லாதவர்கள்கூட இதை விட வேண்டாம்.

சில நிமிட நடையில் சாந்தா மரியா தெல்லா வீத்தா ஆலயம். 15-ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ தெல்லார்க்கா சுடுமண்ணில் செய்த ஒப்பாரிக் காட்சி அங்கே இருக்கிறது. இறந்த இயேசுவைச் சுற்றி நிற்கும் பெண்களில் ஒருத்தி காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடி வருகிறாள், வாய் திறந்து அலறுகிறாள். ஃபுளோரன்ஸில் மணிக்கணக்காக வரிசையில் நின்று பார்ப்பவற்றுக்கு இது எந்த வகையிலும் குறைந்ததல்ல. சான் தொமெனிக்கோ ஆலயத்தில் புனிதரின் சமாதியில் இளவயது மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மூன்று சிறு சிலைகள் உண்டு. பார்க்கக் கட்டணம் இல்லை.

இரட்டைக் கோபுரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வழிகாட்டிகளில் 97 மீட்டர் அசினெல்லி கோபுரத்தில் ஏறச் சொல்லியிருக்கும். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் காரிசேந்தாவின் நிலை கவலை தந்ததால் 2023 அக்டோபரில் அந்த இடத்தையே மூடி வேலி போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க விரும்புகிறவர்கள் நகராட்சி மாளிகையான பலாஸ்ஸோ தாக்குர்சியோவின் மணிக்கூண்டுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

இரண்டாம் நாள்: சான் லூக்கா

ஊரின் எல்லையிலுள்ள குன்றின் மேல் சான் லூக்கா மாதா ஆலயம் நிற்கிறது. நகர வாயிலான போர்த்தா சரகோஸ்ஸாவிலிருந்து ஆலய வாசல்வரை 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள் கொண்ட ஒரே தொடர் போர்டிகோ. 1433-இல் விடாமல் பெய்த மழை பயிரை அழிக்கவிருந்தபோது மாதாவின் திருவுருவத்தை ஊருக்குள் பவனியாகக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. ஆண்டுதோறும் தொடரும் அந்தப் பவனி மழையில் நனையாமல் போவதற்காகவே 1674-இல் இந்தப் போர்டிகோவைத் தொடங்கினார்கள்.

மெலோன்செல்லோ வளைவுவரை சமதரை, அதற்குப் பிறகுதான் ஏற்றம். சாதாரணமாக நடப்பவர்களுக்கு மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் பியாஸ்ஸா மஜ்ஜோரேயிலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் மேலே போய், இறங்கும்போது மட்டும் நடக்கலாம். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம். மழை பெய்தாலும் திட்டத்தை மாற்ற வேண்டாம். மேலிருந்து காட்சி கிடைக்காமல் போகலாம், நடை கெடாது. பனி விலகிய காலையில் குன்றுச் சரிவுகள் மஞ்சளும் செம்பழுப்புமாக இருக்கும்.

பிற்பகலை சாந்தோ ஸ்தெஃபானோவுக்கு ஒதுக்குங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய ஆலயங்களும் முற்றங்களுமான தொகுதி அது. அங்கிருந்து ஸ்ட்ராடா மஜ்ஜோரேவுக்கு வந்தால் கோர்த்தே இசொலானியின் மரப் போர்டிகோவைப் பார்க்கலாம். சுமார் ஒன்பது மீட்டர் உயர ஓக் மரத்தூண்கள் இன்றும் வீட்டைத் தாங்குகின்றன. கல் வருவதற்கு முன் எல்லாமே இப்படித்தான் இருந்தன.

மூன்றாம் நாள்

ஒருநாள் வெளியூர்ப் பயணத்துக்குப் பக்கத்து ஊர்களில் ராவென்னாவா, ஃபெர்ராராவா என்று கேட்டால் தயங்காமல் ராவென்னா என்பேன். உள்ளூர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். 5, 6-ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள் ஆலயங்களுக்குள் இருப்பதால் மழை ஒரு பொருட்டல்ல. சான் விதாலே ஆலயமும், ரோமப் பேரரசி கால்லா பிளாசிதியாவின் பெயர் தாங்கிய சமாதியும் முதலில். சமாதி சிறியது, நேரம் குறித்த முன்பதிவு தேவை. கவிஞர் தாந்தே 1321-இல் இறந்ததும் இந்த ஊரில்தான், கல்லறை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

சாப்பாடு

இத்தாலியில் நன்றாகச் சாப்பிட இதைவிடச் சிறந்த ஊர் குறைவு. ஆனால் பன்றி இறைச்சி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். 'ஸ்பகெட்டி பொலோனீஸ்' இங்கே கிடையாது. ராகு எனும் இறைச்சிக் குழம்பு தாலியதெல்லே எனும் பட்டை பாஸ்தாவோடுதான் வரும். வெந்த பட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-இல் வர்த்தகச் சபையில் பதிவே செய்திருக்கிறார்கள்.

சைவ உணவுக்காரர்கள் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். இரண்டும் பூரணம் வைத்த பாஸ்தாக்கள். தொர்தெல்லினி சிறியது, உள்ளே பன்றி இறைச்சி, இறைச்சிச் சாற்றில் மிதந்து வரும். தொர்தெல்லோனி பெரியது, உள்ளே ரிக்கோத்தா பாலாடையும் கீரையும், வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்துத் தருவார்கள். அசைவம் அறவே வேண்டாம் என்பவர்கள் இன்னும் சில தெரிந்துவைக்க வேண்டும். பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது. கையால் திரட்டும் பாஸ்தாவில் முட்டை உண்டு. வெங்காயத்தை மணிக்கணக்காக வதக்கிச் செய்யும் ஃப்ரிஜ்ஜோனேயிலும், பொரித்த கிரெஷென்தினே ரொட்டியிலும் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பு சேரும். 'சென்ஸா கார்னே, சென்ஸா ஸ்த்ருத்தோ' என்று சொன்னால் இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்பது புரிந்துவிடும். அக்டோபரில் போர்ச்சினி காளான், பூசணி நிரப்பிய பாஸ்தா, சுட்ட செஸ்ட்நட் எல்லாம் பருவத்தில் இருக்கும். நவம்பரில் சுற்றுக் குன்றுகளின் வெள்ளை டிரஃபிள் காளானும் சேரும்.

மதிய உணவு 12:30 முதல் 2:30 வரை, இரவு 7:30-க்கு மேல். இடையில் சமையலறை மூடியிருக்கும். வார இறுதி இரவுக்கு முன்பதிவு செய்யுங்கள். பில்லில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும். ரொட்டிக்கும் இருக்கைக்குமான வழக்கமான கட்டணம் அது, ஏமாற்று அல்ல. டிப்ஸ் கட்டாயமில்லை. காப்பியை நின்றபடி கவுன்ட்டரில் குடித்தால் விலை குறைவு.

தடங்கல் வந்தால்

இலையுதிர்காலத்தில் ரயில் வேலைநிறுத்தங்கள் சாதாரணம். நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். ராவென்னா பயணத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மழையையும் லேசாக எடுக்க வேண்டாம். 2024 அக்டோபரில் ஒரே இரவு மழையில் பொலோன்யாவின் சில தெருக்களில் வெள்ளம் புகுந்தது. எமிலியா-ரொமான்யா வட்டாரம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை வெளியிடும். ஆரஞ்சு வந்தாலே குன்றுப் பக்கமும் வெளியூர்ப் பயணமும் வேண்டாம். அவசர உதவிக்கு 112.

வாங்கிவரும் பொருள்களில் லண்டன்வாசிகள் கவனமாக இருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பிரிட்டனுக்குள் தனிப்பயன்பாட்டுக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. பார்மிஜானோவை அங்கேயே ஆசைதீரச் சாப்பிட்டுவிட்டு, உலர்ந்த போர்ச்சினி காளானும் மொதெனாவின் பால்சாமிக் வினிகரும் வாங்குங்கள். வினிகர் புட்டி 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் சரக்குப் பெட்டியில் வையுங்கள்.